சூளையில் சுட்ட கவிதைகள்

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகரம் கியோட்டோ. மலைகள் மூன்று பக்கமும் சூழ, கமோ ஆறு நடுவே ஓட, கோயில்களும் மடங்களும் நிறைந்த ஊர் அது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரத்து வீடுகள் பலவற்றில் கைக்கு அடக்கமான மண் கெண்டியோ, தேநீர்க் கிண்ணமோ இருந்தது. அதில் பளபளப்பு இல்லை. வட்டமும் சரியான வட்டம் அல்ல. பிடித்து அழுத்திய விரல்களின் தடம் அப்படியே தெரியும். ஆனால் அதன் உடலைச் சுற்றி, கொடி படர்ந்தது போல மெல்லிய எழுத்தில் ஒரு கவிதை ஓடும்.

அந்தப் பாத்திரங்களைச் செய்தவர் குயவர் குலத்தில் பிறந்தவர் அல்லர். கணவர் இருவரையும், பெற்ற மக்கள் அனைவரையும், வளர்த்த தந்தையையும் பறிகொடுத்து, 41-ஆம் வயதில் தனிமரமாக நின்ற ஒரு பெண்மணி. வயிற்றுப் பாட்டுக்காக மண்ணைப் பிசையத் தொடங்கிய அவர், ஜப்பானியக் கலை வரலாற்றில் நீங்கா இடம் பெற்றார். அவர் பெயர் ஓடகாகி ரெங்கெட்சு.

பிறப்பும் வளர்ப்பும்

ரெங்கெட்சு 1791-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கியோட்டோவில் பிறந்தார். தந்தை ஈகா பகுதியில் உயர் பதவி வகித்த ஒரு சாமுராய். தாய் கியோட்டோவில் ஆடல் பாடலுக்குப் பெயர்பெற்ற தெருவைச் சேர்ந்தவர். முறையான திருமணம் நடக்கவில்லை. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையை ஓடகாகி குடும்பத்தினர் தத்து எடுத்துக் கொண்டனர். குழந்தைக்கு நோபு என்று பெயர் வைத்தனர்.

வளர்ப்புத் தந்தை ஓடகாகி தெருஹிசா, சியோன்-இன் என்னும் பெரிய பௌத்த மடத்தில் அலுவல் பார்த்து வந்தவர். அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லி வணங்கும் ஜோடோ பிரிவுக்கு அதுவே தலைமை மடம். நோபுவைத் தெருஹிசா பெற்ற மகளாகவே வளர்த்தார். பிற்காலத்தில் அவர் வாழ்வில் துயரம் வந்தபோதெல்லாம் துணை நின்றவரும் இந்தத் தந்தைதான்.

ஏழெட்டு வயதில் நோபு, கியோட்டோவுக்கு மேற்கே இன்று கமியோகா என்று வழங்கும் ஊரின் கோட்டைக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டார். பணிப்பெண் என்றாலும் வீட்டு வேலைக்காரி அல்லர். பிரபுவின் மனைவியரோடு இருந்து, உயர்குடிப் பெண்ணுக்குரிய கல்வி அனைத்தையும் பெறும் வாய்ப்பு அது. கவிதை, எழுத்துக்கலை, நடனம், தையல் ஆகியவற்றைக் கற்றார். வாளும் நீண்ட ஈட்டியும் பிடிக்கவும் பழகினார். பதினாறு வயதில் வீடு திரும்பியபோது அழகும் அறிவும் துணிவும் ஒருங்கே பெற்ற பெண்ணாக இருந்தார்.

அடுத்தடுத்து விழுந்த இடிகள்

ஓடகாகி குடும்பத்துக்கு வாரிசு தேவை. ஆகவே ஓர் இளைஞரை மகனாகத் தத்தெடுத்து, நோபுவுக்கே மணம் செய்து வைத்தனர். ஜப்பானில் அக்காலத்தில் இது சாதாரண வழக்கம். நம் ஊர் வீட்டோடு மாப்பிள்ளை போன்றதுதான். திருமணம் நடந்த ஆண்டு 1807.

வாழ்க்கை இனிக்கவில்லை. கணவர் ஒழுக்கம் தவறியவர். பிறந்த மூன்று குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே இறந்தன. 1815-இல் கணவரை விட்டுப் பிரிந்தார். அதே ஆண்டில் அவரும் இறந்து போனார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1819-இல் மறுமணம் நடந்தது. இம்முறை வாய்த்தவர் நல்லவர். வீட்டில் அமைதி நிலவியது. அதுவும் நீடிக்கவில்லை. 1823-இல் இரண்டாம் கணவரும் நோயுற்றுக் காலமானார். அப்போது நோபுவுக்கு வயது 32.

அதற்கு மேல் இல்லறத்தை நாடவில்லை. தலைமுடியைக் களைந்து துறவு பூண்டார். அப்போது ஏற்ற பெயரே ரெங்கெட்சு. ‘ரென்’ என்றால் தாமரை; ‘கெட்சு’ என்றால் நிலவு. மகள் துறவு பூண்டதும் முதிய தந்தை தெருஹிசாவும் உடன் துறவியானார். இருவரும் மடத்து வளாகத்தில் ஒரு சிறு குடிலில் தங்கினர். இரண்டாம் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் சிறு வயதிலேயே மாண்டனர். 1832-இல் தந்தையும் கண்ணை மூடினார்.

தந்தை இருந்தவரை மடத்தில் இடம் இருந்தது. அவர் போன பின் பெண் ஒருத்தி அங்கே தனியே தங்குவதற்கு முறை இடம் தரவில்லை. ரெங்கெட்சு தம் சிறு மூட்டையுடன் வெளியேறினார். கமோ ஆற்றுக்குக் கிழக்கே ஓகஸாகி என்ற பகுதியில் ஒரு குடிசையை வாடகைக்குப் பிடித்தார். நாளைய சோற்றுக்கு என்ன வழி என்ற கேள்வி அன்று முதல் முறையாக அவர் முன் நின்றது.

என்ன தொழில் செய்வது?

அவருக்குத் தெரிந்தவை பல. ‘கோ’ என்னும் காய் நகர்த்தும் ஆட்டத்தில் அவர் கெட்டிக்காரர். அதைக் கற்றுத் தரலாம் என்று நினைத்தார். ஆனால் ஆட்டம் கற்க வருவோர் ஆண்கள். ஒரு பெண்ணிடம் தோற்பதையும், அவளிடம் பாடம் கேட்பதையும் அவர்கள் விரும்பவில்லை. கவிதை கற்பிப்பதும் சரிப்பட்டு வரவில்லை. மாணவர் என்ற பெயரில் வந்த சிலர் ஆசிரியையின் அழகையே பார்த்துக் கொண்டிருந்தனர் என்பர். அவர்களை விரட்டத் தம் பற்களைத் தாமே பிடுங்கிக் கொண்டு முகத்தை விகாரப்படுத்தினார் என்றொரு கதையும் கியோட்டோவில் வழங்குகிறது.

இந்நிலையில்தான் மண்பாண்டத் தொழில் கண்ணில் பட்டது. ஓகஸாகிக்கு அருகிலேயே அவாடா என்ற குயவர் பகுதி இருந்தது. அங்கே ஒரு மூதாட்டி அவருக்கு மண் பிசையக் கற்றுக் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

சக்கரம் இல்லாத குயவர்

ரெங்கெட்சு பெரும்பாலும் சக்கரத்தில் வனையவில்லை. மண்ணைப் பிசைந்து, கிள்ளி, விரலால் அழுத்தி, திரித்த மண் கயிற்றை வளையமாக அடுக்கி உருவாக்கினார். இதற்குப் பெரிய பட்டறை வேண்டாம். பாரமான கருவியும் வேண்டாம். ஒரு பலகை, ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு மூங்கில் துண்டு, ஓர் ஆணி ஆகியவை போதும். குடிசைத் திண்ணையில் உட்கார்ந்தே வேலை செய்யலாம்.

காலமும் அவருக்குக் கை கொடுத்தது. ஜப்பானில் பழைய முறைத் தேநீர், பச்சைத் தூளைக் கலக்கிச் செய்வது. அதற்கு ஏராளமான சடங்குகள் உண்டு. 1738-இல் ஊஜி பகுதியைச் சேர்ந்த நாகதானி சோயென் தேயிலையை ஆவியில் வாட்டி, உருட்டி, உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன் பின் ‘செஞ்சா’ எனப்படும் இலைத் தேநீர் பரவியது. கவிஞர்களும் ஓவியர்களும் வணிகர்களும் சடங்கைக் குறைத்துக் கொண்டு, கூடிப் பேசிக் குடிக்கும் தேநீர் இது. இதற்கு வேண்டியவை சிறிய கெண்டியும் சிறிய கிண்ணங்களும்தான்.

‘க்யூசு’ என்ற அந்தக் கெண்டியைச் செய்வது பார்ப்பதற்கு எளிது. செய்யும்போதுதான் கஷ்டம் புரியும். உடல் ஒரு துண்டு, மூக்கு ஒரு துண்டு, மூடி ஒரு துண்டு, பக்கவாட்டில் நீளும் கைப்பிடி ஒரு துண்டு. இவற்றைக் குழைத்த மண்ணால் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு அதிகம் காய்ந்து, மற்றொன்று ஈரமாக இருந்தால் ஒட்டிய இடம் விரிந்து விடும். கையால் செய்த பாத்திரத்தில் சுவரின் கனம் இடத்துக்கு இடம் மாறும். கனத்த இடம் மெதுவாகக் காயும். மெல்லிய இடம் விரைவாகக் காயும். கவனம் தப்பினால் காயும்போதே வெடிப்பு விழும்.

பாத்திரம் பாதி காய்ந்து இறுகும் பதத்தில் ரெங்கெட்சு ஆணியைக் கையில் எடுப்பார். தாம் இயற்றிய கவிதையை அதன் மேல் கீறுவார். அவர் எழுதியது ‘வாகா’ என்னும் 31 அசைக் கவிதை. நம் குறளைப் போலச் சிறிய வடிவம். ஆதலால் ஒரு கிண்ணத்தின் வெளிப்புறத்தில் அது முழுமையாக அடங்கும். தூரிகையால் தாளில் எழுதுவது போலவே, ஈர மண்ணிலும் கை தடையின்றி ஓடியது. சில பாத்திரங்களில் எழுத்தைத் தூரிகையால் தீட்டியதும் உண்டு.

தொடக்கத்தில் தாம் செய்தவை கோணலும் மாணலுமாக இருப்பதாக அவரே வருந்தினார். கவிதை பொறித்தால் அந்தக் குறை சற்று மறையும் என்று எண்ணினார். ஆனால் வாங்கியவர்கள் கோணலையும் சேர்த்தே விரும்பினர். தேர்ந்த குயவர் செய்யும் பாத்திரத்தில் கிடைக்காத ஒன்று அதில் இருந்தது. ஒரு மனிதரின் விரலும் எழுத்தும் சொல்லும் ஒரே பொருளில் கூடியிருந்தன.

விறகுச் சூளை

ரெங்கெட்சுவிடம் சொந்தச் சூளை கிடையாது. செய்த பாத்திரங்களை அவாடாவுக்கும் கியோமிசுவுக்கும் அனுப்பிச் சுட்டு வாங்கினார். அக்காலத்துக் கியோட்டோவின் சூளைகள் சரிவான நிலத்தில் படிப்படியாக மேலேறிச் செல்லும் அறைகளைக் கொண்டவை. கீழ் வாயில் தீ மூட்டினால், அதன் அனல் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஏறிச் செல்லும். கீழறையின் வெப்பமே மேலறையைச் சூடாக்கி வைப்பதால் விறகு மிச்சமாகும். ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் துளை உண்டு. அதன் வழியே பிளந்த தேவதாரு விறகைப் போடுவார்கள். பிசின் நிறைந்த அவ்விறகின் சுடர் நீளமாக ஓடி, பாத்திரங்களைச் சுற்றி வரும்.

இத்தகைய சூளையை இரவு பகலாகக் காவல் காக்க வேண்டும். வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அளக்கும் கருவி எதுவும் இல்லை. தீயின் நிறமே கணக்கு. செந்நிறம் மஞ்சளாகி, மஞ்சள் வெளுக்கும் வரை அனுபவசாலிகள் துளை வழியே பார்த்துக் கொண்டிருப்பர். தீ அணைந்த பின்னும் சூளையை உடனே திறக்கலாகாது. திறந்தால் குளிர்காற்று பட்டுப் பாத்திரங்கள் விரிசல் விடும். தானாக ஆற வேண்டும்.

இப்படிப்பட்ட பெரிய சூளையைத் தனி ஒருவர் நிரப்ப முடியாது. ஆகவே பலரும் பங்கு போட்டு இடம் பிடித்துச் சுடுவது வழக்கம். சொந்தப் பட்டறை இல்லாத ஒரு துறவி தொழில் நடத்த முடிந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். ஒரே அறையில் வைத்தாலும், தீ அதிகம் பட்ட பாத்திரம் ஒரு நிறம், ஒதுங்கி நின்றது வேறு நிறம். ஆதலால் அவர் செய்த இரண்டு கெண்டிகள் ஒன்று போல் இருப்பதில்லை.

புகழும் தொல்லையும்

1838-இல் வெளியான கியோட்டோ நகரப் பிரமுகர் கையேட்டில் ரெங்கெட்சுவின் பெயர் இடம் பெற்றது. தந்தையை இழந்து தெருவில் நின்ற ஆறே ஆண்டுகளில் இந்த நிலை. 1852, 1867-ஆம் ஆண்டுப் பதிப்புகளிலும் அவர் பெயர் வந்தது.

புகழோடு தொல்லையும் வந்தது. பாத்திரம் கேட்டும், கவிதை எழுதித் தரச் சொல்லியும் ஆட்கள் வாசலில் காத்து நின்றனர். அவர்களிடமிருந்து தப்ப ரெங்கெட்சு கண்ட வழி, வீடு மாறுவது. ஒரே ஆண்டில் பதின்மூன்று முறை வீடு மாறினார் என்று சொல்வதுண்டு. வீடு மாறும் ரெங்கெட்சு என்ற பட்டப்பெயரே அவருக்கு ஏற்பட்டது. மண்ணும் ஆணியும் தூரிகையும் தவிர வேறு சொத்து இல்லாதவருக்கு வீடு மாறுவது பெரிய காரியம் அல்ல.

போலிகளும் கிளம்பின. அவர் பாணியில் பாத்திரம் செய்து, அவர் கையெழுத்தைப் போலக் கீறி விற்றவர்கள் பலர். வேறொருவராக இருந்தால் வழக்குக்குப் போயிருப்பார். ரெங்கெட்சு சினம் கொள்ளவில்லை. அவர்களும் பிழைக்க வேண்டியவர்கள்தானே என்பது அவர் எண்ணம். போலி செய்த சிலரின் பாத்திரங்களில் தம் கையாலேயே கவிதை எழுதிக் கொடுத்தார் என்றும் கூறுவர்.

வேலை பெருகியபோது உதவிக்கு ஆள் சேர்த்துக் கொண்டார். அவர்களில் குரோடா கோர்யோ என்ற குயவர் முக்கியமானவர். அவர் பாத்திரம் செய்ய, ரெங்கெட்சு அதில் கவிதை பொறிப்பார். இரண்டாம் ரெங்கெட்சு என்ற பெயருடன் அவர் அத்தொழிலைத் தொடர்ந்தார். இதனால் ரெங்கெட்சுவின் பாத்திரங்களில் எது அவரே செய்தது, எது பிறர் செய்தது என்று பிரித்தறிவது கலைப்பொருள் சேகரிப்போருக்கு இன்றும் கடினமான வேலையாக இருக்கிறது.

வளர்ப்பு மகன் போல ஒருவர்

பெற்ற பிள்ளைகளை இழந்தவருக்கு, அறுபது வயதைக் கடந்த பின் பிள்ளை போல ஓர் இளைஞர் கிடைத்தார். அவர் பெயர் டோமியோகா டெஸ்ஸாய். துறவியருக்கு ஆடை விற்கும் வணிகரின் மகன். காது சரியாகக் கேட்காது. படிப்பிலும் ஓவியத்திலும் ஆர்வம் மிகுதி. 1850-களில் ரெங்கெட்சு ஷிரகாவா பகுதியில் வசித்தபோது, டெஸ்ஸாய் அவருடன் தங்கி உதவி செய்தார். மண் சுமந்து வருவதும், பாத்திரங்களைச் சூளைக்குக் கொண்டு போவதும் அவர் வேலை. கவிதையும் எழுத்தும் மட்டுமல்லாமல், பணத்துக்கு அடிமையாகாமல் வாழும் முறையையும் அவர் அங்கே கற்றார். ரெங்கெட்சு தம் கவிதையை எழுதி, அருகில் டெஸ்ஸாய் படம் வரையும்படி இடம் விட்டுக் கொடுப்பார். பெயர் தெரியாத இளைஞரின் ஓவியம் இவ்வாறு ஊரெங்கும் பரவியது. டெஸ்ஸாய் பிற்காலத்தில் ஜப்பானின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவராகி, 1924-இல் காலமானார்.

கொந்தளித்த காலம்

ரெங்கெட்சுவின் முதுமைக்காலம் ஜப்பானின் கொந்தளிப்பான காலம். 1864-இல் கியோட்டோவில் நடந்த மோதலில் தீப்பற்றி நகரின் பெரும்பகுதி சாம்பலானது. அடுத்த ஆண்டு, நகருக்கு வடமேற்கே நிஷிகமோவில் உள்ள ஜின்கோ-இன் கோயிலுக்கு அவர் இடம் பெயர்ந்தார். ஓவியத்தில் வல்லவரான வாடா கெஷின் அக்கோயிலின் தலைவர். ஓயாமல் வீடு மாறியவர் அதன் பின் எங்கும் போகவில்லை. அங்கிருந்த சிறு தேநீர்க் குடிலே இறுதி வரை அவர் வீடாயிற்று.

1868-இல் சக்கரவர்த்தியின் படைகளுக்கும் ஷோகன் படைகளுக்கும் போர் மூண்டது. படைத்தலைவர் சைகோ டக்காமோரி எடோ நகரை நோக்கிப் புறப்பட்டபோது, வென்றாலும் தோற்றாலும் இரு தரப்பாரும் ஒரே நாட்டு மக்கள்தான் என்ற கருத்தில் ஒரு கவிதையை ரெங்கெட்சு அவரிடம் சேர்ப்பித்தார் என்பது பிரபலமான கதை. எடோ கோட்டை பெரும் ரத்தச் சேதமின்றிக் கைமாறியது வரலாறு. அதற்குப் பேச்சுவார்த்தை உள்ளிட்ட பல காரணங்கள் உண்டு. எனினும் அந்த மூதாட்டியின் கவிதையையும் ஜப்பானிய மக்கள் அந்நிகழ்ச்சியோடு சேர்த்தே நினைக்கின்றனர்.

ஈட்டிய பணத்தை அவர் சேர்த்து வைக்கவில்லை. பஞ்ச காலத்தில் 30 ‘ர்யோ’ பொற்காசுகளைத் தம் பெயர் சொல்லாமல் நகர அதிகாரிகளிடம் கொடுத்தார் என்றும், கமோ ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டப் பொருள் உதவினார் என்றும் அறிகிறோம். தமக்காகச் செய்து வைத்த சவப்பெட்டியை அரிசி கொட்டி வைக்கும் பெட்டியாக அவர் பயன்படுத்தினார் என்பதும் அவரைப் பற்றிய செய்திகளில் ஒன்று.

1875-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், 84-ஆம் வயதில் ரெங்கெட்சு காலமானார். உடலைப் போர்த்த அவர் முன்பே ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வைத்திருந்தார். டெஸ்ஸாய் தாமரையும் நிலவும் வரைந்திருந்த அத்துணியில் ரெங்கெட்சுவின் கவிதை ஒன்றும் எழுதப்பட்டிருந்தது. அருகிலுள்ள சைஹோ-ஜி கோயில் மயானத்தில், செர்ரி மரத்தடியில் அவர் கல்லறை உள்ளது. கல்லில் உள்ள எழுத்தும் டெஸ்ஸாய் எழுதியதே.

எஞ்சி நிற்பவை

ரெங்கெட்சுவின் கைப்பட்ட பாத்திரங்கள், கவிதை ஏடுகள், ஓவியங்கள் எல்லாம் சேர்த்து 50,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். ‘அமா நோ கருமோ’ என்ற அவருடைய கவிதைத் தொகுதி அவர் வாழ்நாளிலேயே அச்சேறியது. 2007-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரிலுள்ள தேசிய கலைக்கூடம் அவர் படைப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. ஒரு காலத்தில் சாதாரண மக்கள் தேநீர் குடித்த கிண்ணங்கள் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

அவருடைய பாத்திரங்களைச் சுட்ட விறகுச் சூளைகளின் காலம் கியோட்டோ நகருக்குள் முடிந்து விட்டது. புகையைத் தடுக்கும் விதிகள் வந்தபின், 1970-களின் தொடக்கத்தோடு அவை அணைந்தன. புகழ்பெற்ற குயவர் கவாய் கன்ஜிரோ (1890-1966) வாழ்ந்த வீட்டின் பின்புறம், பலர் பங்கிட்டுச் சுட்ட ஏறுமுகச் சூளை ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தால், பல ஆண்டுத் தீயின் கருமை சுவரில் படிந்திருப்பது தெரியும்.

பச்சை மண் தண்ணீர் பட்டால் கரைந்து விடும். சூளைத் தீயைத் தாங்கி வெளிவந்த மண் நூறு ஆண்டுகள் கழித்தும் நிற்கும். ரெங்கெட்சு அடைந்த இழப்புகள் ஒருவரைக் கரைத்து விடப் போதுமானவை. அவரோ ஒரு பிடி மண்ணை எடுத்துத் தம் சோற்றைத் தாமே தேடிக் கொண்டார். மிஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்தார். அவர் விரல் பதிந்த கெண்டிகளும் கிண்ணங்களும் அதற்குச் சாட்சியாக நிற்கின்றன.